வாளித் தண்ணீரைக் காட்டி 86,000 ரூபாயை வாங்கிவிட்டார்கள்: வினைல் தரை போடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போடுங்கள்

86,000 ரூபாய். அப்பா மஞ்சள் விற்று வைத்திருந்த பணம். நேற்று ராத்திரி அம்மா ஆசாரத்தில் (கூடத்தில்) கால் தடுக்கிச் சுவரைப் பிடித்து நின்றதைப் பார்த்த பிறகு வயிறு எரிந்து எழுதுகிறேன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய ஊரில் இருக்கிறது. தாத்தா கட்டிய வீடு. ஆசாரம், இரண்டு அறை, எல்லாம் ரெட் ஆக்சைடு தரை. அங்கங்கே விரிசல் விட்டு நிறம் மங்கிவிட்டது. தங்கச்சிக்கு உப்புச்சர்க்கரை (நிச்சயதார்த்தம்) எங்கள் வீட்டில்தான் என்று முடிவானதும் தரையை மாற்றலாம் என்றார் அப்பா. டைல்ஸ் போடுவதென்றால் பழைய தரையைக் கொத்த வேண்டும், வீடு முழுக்கப் புழுதி. கொத்தாமல் மேலேயே ஒட்டினால் தரை உயர்ந்து கதவுகளின் அடியை எல்லாம் இழைக்க வேண்டும். அம்மாவுக்கு வேறு முழங்கால் வலி, பாலிஷ் டைல்ஸில் ஈரம் பட்டால் வழுக்குமே என்று பயம். அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் அந்த வினைல் தரை விளம்பரம், ஒருவகை பிளாஸ்டிக் தரை. பழைய தரைமேலேயே போடலாம், ஒரே நாளில் முடியும், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

கோவையில் ஷோரூம் வைத்திருக்கும் ஒரு தரை அலங்காரக் கடை. பெயரைப் போடவில்லை. நான் வழக்குப் போடப் போகிறேன். அதற்குள் பெயரை எழுதி அவர்கள் என்மேல் ஒன்று போட இடம் கொடுக்க மாட்டேன்.

ஷோரூமுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு கண்ணாடி வாளி. அதற்குள் தேக்கு நிறத்தில் ஒரு பலகை தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. "ஆறு மாசமா ஊறுதுங்க மாமா, ஓரம் ஒரு நூல் தூக்கியிருக்கா பாருங்க" என்று எடுத்து அப்பா கையில் கொடுத்தார் கடைக்காரர். உண்மையிலேயே தூக்கவில்லை. 5 மி.மீ. கனம். வினைலில் எஸ்பிசி என்கிற வகை. சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்து அழுத்திய கெட்டிப் பலகை, ஒன்றின் ஓரம் இன்னொன்றில் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம். அப்புறம் எந்த ஊர் என்று கேட்டார், எங்கள் பக்கத்து ஊரில் தன் சித்தி வாழ்க்கைப்பட்டிருப்பதாகச் சொன்னார். அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். நான் கனம், கேரண்டி என்று கேள்வி கேட்கக் கேட்க, "நம்ம சனத்துக்கு நான் தப்பாப் பண்ணுவனா அம்மிணி, பத்து வருசம் கேரண்டிங்க" என்று டீ வரவழைத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது.

640 சதுர அடி, அடிக்கு 125 வீதம் 80,000. சுவர் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங், கதவு நிலவுக்கு அடியில் போடும் பட்டி என்று 6,000. மொத்தம் 86,000. அங்கேயே ஜிபேயில் 50,000 அட்வான்ஸ் அனுப்பினேன்.

ஐப்பசியில் ஆட்கள் வந்தார்கள். நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன், வீட்டில் அப்பாவும் அம்மாவும்தான். வேனில் இருந்து இறங்கியது 5 மி.மீ. பலகை இல்லை. ரப்பர் பாய் மாதிரி வளைகிற 2 மி.மீ. வினைல் பட்டைகளும் பசை டப்பாக்களும். அப்பா போன் போட்டுக் கேட்டதற்கு, "அதை விட இது ஒசத்திங்க மாமா, கம்பெனியே மாத்தி அனுப்பியிருக்கு, வெல வித்தியாசத்தை நான் கேக்கல பாருங்க" என்று பதில். கேட்கவில்லையாம்! பெட்டிகளை அறைக்குள்ளேயே இரண்டு நாள் வைத்து, அந்த இடத்துச் சூட்டுக்குப் பழகவிட்டுத்தான் போட வேண்டும் என்று இந்தச் சாமான் செய்கிறவர்களே சொல்கிறார்கள். இவர்கள் வேனில் இருந்து இறக்கின கையோடு, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மீதி 36,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு. அதில் "வினைல் தரை வேலை 86,000" என்பது மட்டும். கனம் இல்லை, வகை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை.

உப்புச்சர்க்கரை நல்லபடியாக நடந்தது. வந்தவர்கள் எல்லாம் தரையைத்தான் பார்த்தார்கள். கார்த்திகையில் இணைப்புகளில் கருப்பாகப் பசை கசிய ஆரம்பித்தது. பொடக்காளி (கொல்லை)ப் பக்கத்து அறையில் ஓரங்கள் சுருண்டன. மேற்கு ஜன்னல் வெயில் விழும் இடத்தில் நடுவிலேயே உப்பிக்கொண்டது. கால் வைத்தால் சத்தம் வருகிறது.

ஏன் என்று இப்போது தெரியும். வாளியில் இருந்த பலகை தண்ணீரில் கெடாது, அது பொய்யில்லை. ஆனால் தரை கெடுவது மேலே ஊற்றும் தண்ணீரால் இல்லை. எங்கள் பக்கம் கொடிவேரி அணையில் இருந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டால் சுற்றிலும் நெல் வயல், மண் முழுக்க ஈரம். பழைய வீட்டுத் தரைக்கு அடியில் ஈரம் தடுக்கும் பூச்சு எதுவும் கிடையாது. அந்த ஈரம் சிமெண்ட் வழியாக மேலே ஏறி, இத்தனை வருடமாகத் தானாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் காற்றுப் புகாத வினைலை ஒட்டி மூடினால் ஈரம் எங்கே போகும்? பசையைத்தான் இளக்கும். ஒட்டுவதற்கு முன் ஒரு ஆள் குனிந்து தரையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்துதான் பெரிசு. முதல் போனில், "ஈர மாப் போட்டுத் தொடச்சீங்களா? அதெல்லாம் போடக் கூடாதுங்க." வாளியில் ஆறு மாதம் ஊறப் போட்ட கடையில் இருந்து இந்தக் கேள்வி! அடுத்து, "ஏசி இல்லாத வீடுங்களா? அப்ப கொஞ்சம் தூக்கத்தான் செய்யும்." ஈரோடு மாவட்டத்துச் சித்திரை வெயில் இன்னும் வரவே இல்லை சாமி. பிறகு, கம்பெனிக்கு மெயில் போட்டாச்சு. பிறகு, கம்பெனி ஆள் லீவு. தை பிறந்ததும், ஒட்ட வந்த மேஸ்திரி பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கிறார், வந்ததும் அனுப்புகிறேன். முருகன் பேரிலும் பொய். பத்து வருடக் கேரண்டி என்னாச்சு என்று கேட்டால், அது சாமானில் குறை இருந்தால் மட்டும்தானாம், தரை ஈரத்துக்குக் கிடையாதாம். அப்பாவை மாமா என்று கூப்பிட்ட வாய், கடைசியாகப் பேசும்போது "பெரியவரே, சும்மா சும்மா போன் பண்ணாதீங்க" என்றது.

86,000 ரூபாய் போனது ஒரு பக்கம். அந்த ரெட் ஆக்சைடு தரையையும் கெடுத்துவிட்டார்கள். ஒரு பட்டையை உரித்துப் பார்த்தோம். பசை கருப்பாகப் பிடித்துக் கிடக்கிறது, சுரண்டினால் சிவப்பும் சேர்ந்து வருகிறது. பாட்டி தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை அது. கிளிக் பலகையாக இருந்திருந்தால் கழற்றி எடுத்திருக்கலாம், அடியில் இருப்பது அப்படியே இருந்திருக்கும்.

வீடு கட்டும் சொந்தக்காரர்கள் சிலர் டைல்ஸா, கிரானைட்டா, வினைலா என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன்.

தரைத்தளம், பழைய வீடு, வாய்க்கால் வயல் பக்கம் என்றால் முதலில் ஒரு பாலிதீன் துண்டைத் தரையில் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் வேர்த்திருந்தால் வினைல் பேச்சே வேண்டாம், விட்ரிஃபைடு டைல்ஸ் போடுங்கள், வழுக்கும் பயம் இருந்தால் மேட் ஃபினிஷாகக் கேளுங்கள். மாடி அறை, காய்ந்த தளம் என்றால் வினைல் கெட்ட சாமான் இல்லை, காலுக்கு மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் 10 அடிக்கு 5 மி.மீ.க்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் முதலில் தளத்தைச் சமன் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூட்டு உடையும். மொத்தக் கனத்தைச் சொல்லியே மயக்குவார்கள். மேலே தேய்மானத்தைத் தாங்கும் கண்ணாடி மாதிரியான படலம் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். வீட்டுக்கு 0.3க்குக் குறைந்தால் வேண்டாம், 0.5 இருந்தால் நல்லது. அதையும் வகையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வந்த பெட்டியைப் பிரித்து, ஷோரூமில் இருந்து கொண்டுவந்த சாம்பிள் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு பட்டையைக் கூட ஒட்ட விடாதீர்கள். முழுப் பணத்தை அன்றைக்கே கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் இப்போது தோன்றுகிறது.

இதே மாதிரி மாட்டியவர்கள் 1915க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் ஈரோட்டில் போடுகிறேன். ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, உப்பிய தரையின் வீடியோ எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

என் நம்பரையும் அப்பா நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். இன்று காலையில் அத்தை மகன் போனில் இருந்து, வினைல் தரை போடணும், என்ன விலை என்று ஒரு மெசேஜ் தட்டினேன். உடனே பதில் வந்துவிட்டது: "வணக்கங்க சார், எந்த ஊருங்க? நாளைக்கே வந்து அளவு எடுத்துக்கறோம்."