அமெரிக்க ஆக்சுவரிகளின் 30 மணி நேரம்: எது கணக்கில் சேரும், எது சேராது

அமெரிக்க நிறுவனங்களுக்காகக் கருத்துரை தரும் ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் அபாயத்தையும் செலவையும் கணக்கிடும் நிபுணர்) ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். இது அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆக்சுவரிஸ் என்ற தொழில் அமைப்பின் தகுதி விதி. இந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் எழுதி வருகிறவர்களைக் கேட்டால் 30 என்ற எண் பெரிதில்லை என்பார்கள். வேலைக்காகப் படிப்பதிலேயே அதில் பாதிக்கு மேல் தேறிவிடும். ஆளை மடக்குவது அந்த 30-க்குள் இருக்கும் 6.

உட்கணக்கு இது. 6 மணி நேரமாவது 'ஆர்கனைஸ்டு' வகையில் இருக்க வேண்டும் (அது என்ன என்பது கீழே). 3 மணி நேரமாவது தொழில்நெறி பற்றியது. 2022 முதல், தரவிலும் அனுமானங்களிலும் மாடல்களிலும் புகுந்துவிடும் பாரபட்சம் பற்றி 1 மணி நேரம். பேச்சுத்திறன், புராஜெக்ட் மேனேஜ்மென்ட் போன்ற பொது விஷயங்களுக்கு 3 மணிக்கு மேல் எழுத முடியாது. இங்கே ஒரு மணி என்றால் 50 நிமிடம். 60 நிமிட வெப்காஸ்ட் 1.2 ஆகும், 90 நிமிடம் 1.8 ஆகும். மாநாட்டின் காபி இடைவேளைக்குக் கணக்கில் இடமில்லை.

"நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, எனக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. கையெழுத்து இங்கே அளவுகோலே இல்லை. ஆக்சுவரி வேலையின் பகுதியாக, பெறுகிறவர் நம்பிச் செயல்படட்டும் என்று சொல்லும் எந்தக் கருத்தும் இந்த விதிக்குள் வரும். ரிசர்வ் (வருங்கால இழப்பீடுகளுக்காக ஒதுக்கும் தொகை) எண்ணைச் சரியென்று உறுதி செய்து அனுப்பும் மின்னஞ்சல்கூட வரலாம். கருத்துரையில் கையெழுத்திடும் பொறுப்புக்கே வருகிறவருக்கு வேறொரு சுமை கூடும். காப்பீட்டு நிறுவனத்தின் சட்டப்படியான ஆண்டறிக்கைக்குக் கருத்துரை தருகிறவர் அந்தத் துறைக்கே உரிய தலைப்புகளில் (ரிசர்வ், சட்டக் கணக்கியல், மறுகாப்பீடு போன்றவை) 15 மணி நேரம் காட்ட வேண்டும், அதிலும் 6 ஆர்கனைஸ்டு. நல்லவேளையாக இந்த 15, மொத்த 30-க்குள்ளேயே அடங்கும்.

இனி அந்த 6. வேறு நிறுவனத்தில் வேலை செய்யும் ஆக்சுவரிகளோடோ மற்ற நிபுணர்களோடோ கேள்வி பதிலுக்கு வழி இருந்தால்தான் ஒரு நிகழ்வு ஆர்கனைஸ்டு ஆகும். அலுவலகத்துக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் வாராந்திரப் பாடம் எவ்வளவு தரமாக இருந்தாலும், வெளியாள் யாரும் இல்லையென்றால் அது 'மற்றவை'தான். பதிவு செய்த வெப்காஸ்டைத் தனியாகப் பார்ப்பதும் அப்படியே. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வேலை செய்கிறவர்கள் இடறும் இடம் இதுதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நண்பகல் 12 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி முடிய கோடையில் 11 ஆகும், குளிர்காலத்தில் நள்ளிரவாகும். காலையில் ரெக்கார்டிங் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டு முழுக்க விட்டால் டிசம்பரில் 40 மணி நேரம் இருக்கும், ஆர்கனைஸ்டு பூஜ்யமாக இருக்கும். ஆண்டின் முதல் பாதியிலேயே 90 நிமிட நேரலை நான்கைப் பதிவு செய்து உட்கார்ந்துவிட்டால் 7.2 கையில் இருக்கும். மிச்சத்துக்கு ரெக்கார்டிங்கே போதும்.

காசு கொடுத்து வாங்குவதில் மாநாடுதான் விலை அதிகம். இரண்டு மூன்று நாளில் ஆர்கனைஸ்டு கணக்கு முழுவதும் முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒரே நேரத்தில் நடக்கும் அமர்வுகளில் பாதி உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும். கார் காப்பீட்டு விலை நிர்ணயம் செய்கிறவர் ஓய்வூதிய அமர்வில் உட்கார்ந்துவிட்டு அதைத் தன் துறைக்குப் பொருத்தமானது என்று எழுதினால், யாராவது காரணம் கேட்கும்போது பதில் இருக்காது. பொருத்தத்தை நல்லெண்ணத்தோடு முடிவு செய்யும் பொறுப்பை விதி ஆக்சுவரியிடமே விட்டிருக்கிறது. கண்ணாடி முன் நின்று உன்னையே கேட்டுக்கொள் என்பது அங்கே வழக்கமான அறிவுரை.

பொதுவான பைத்தான், மெஷின் லேர்னிங் ஆன்லைன் வகுப்புகளை அவ்வளவாகப் பரிந்துரைக்க முடியாது. மணி நேரம் மளமளவென்று ஏறும், ஆனால் அங்கே தரும், பூக்களை வகை பிரிக்கும் பயிற்சிக்கும் உங்கள் கிளெய்ம் தரவுக்கும் என்ன தொடர்பு என்று எழுதும்போது பேனா நின்றுவிடும்.

செலவில்லாமல் அதிகம் தருவது ஏசாப் எனப்படும் ஆக்சுவரி நடைமுறைத் தரங்களைப் படிப்பது. எல்லாமே இணையத்தில் இலவசம். தொழில்நெறிக்கான 3 மணியை இதிலேயே முடிக்கலாம். எல்லாத் துறைக்கும் பொதுவானவற்றில் தொடங்குங்கள்: தரவுத் தரம் பற்றிய 23, தகவல் தெரிவிப்பு பற்றிய 41, 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாடலிங் பற்றிய 56. வெறுமனே படிக்காமல், கடைசியாக அனுப்பிய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 41-ஐ வரி வரியாக ஒப்பிட்டால் விடுபட்ட வெளிப்படுத்தல்கள் இரண்டேனும் கண்ணில் படும். ஒரு தரத்தின் திருத்த வரைவு கருத்துக் கேட்டு வெளியாகும்போது படிப்பது இன்னும் நல்லது. என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்ற விளக்கமும் கூடவே கிடைக்கும்.

பதிவேட்டுக்கு எக்செல் போதும். தேதி, தலைப்பு, நடத்தியவர், நிமிடம், 50-ஆல் வகுத்த மணி, ஆர்கனைஸ்டா மற்றதா, எந்த வகை, ஏன் பொருத்தம் என்று ஒரு வரி. 'ஏன் பொருத்தம்' என்ற கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள், கேள்வி வருவதும் அதில்தான். அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஆதாரங்களை 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய அலுவலகத்தின் மின்னஞ்சலில் மட்டும் சான்றிதழ் இருந்தால் வேலை மாறும்போது அதுவும் போய்விடும்.

2026-ல் கருத்துரை தர 2025 டிசம்பர் 31-க்குள் முடித்த மணிகள் வேண்டும். மிஞ்சியதை அடுத்த ஓர் ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், அதற்கு மேல் இல்லை. குறைந்தால் புத்தாண்டில் ஈடுகட்டிய பிறகே கருத்துரை தரலாம், ஈடுகட்டிய மணிகளை அந்த ஆண்டுக்கு மறுபடி எழுத முடியாது.

எஸ்.ஓ.ஏ. (சொசைட்டி ஆஃப் ஆக்சுவரிஸ்) உறுப்பினர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு 60 யூனிட், அதில் 30 ஒழுங்கமைந்தவை என்று தனி விதி உண்டு. அகாடமியின் விதியை நிறைவு செய்திருந்தால் அதையே மாற்று வழியாகக் காட்டலாம். தனி ஏடு தேவையில்லை. பிரிட்டிஷ் எஃப்.ஐ.ஏ. (அங்குள்ள ஆக்சுவரி அமைப்பின் ஃபெலோ) பட்டமும் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது நாள்காட்டியை: அங்கே ஆண்டு செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடிகிறது, கேட்பது 15 மணி, அதில் 2 தொழில்முறைத் திறன். தேதிப் பத்தி சரியாக இருந்தால் ஒரே ஏட்டை வடிகட்டி இரண்டு கணக்கும் எடுக்கலாம். 50 நிமிட மணி என்பது அகாடமியின் கணக்கு என்பதால், 50-ஆல் வகுத்த எண்ணை அப்படியே நகலெடுக்காமல் நிமிடப் பத்தியிலிருந்து கூட்டுங்கள்.