சுருக்கிய லிங்க்: கடைசிவரை போவதா, முதல் தாவலில் நிற்பதா?

“மனே, இத அமத்தட்டா?” என்று ஆரையம்பதி மாமிமார் வட்ஸ்அப்பில் அனுப்பும் குறுஞ்செய்திப் படங்களில் பெரும்பாலும் ஒரே கதைதான்: பொதி வந்திருக்கிறது, பணம் கட்டுங்கள். அடியில் ஒரு சுருக்கிய லிங்க். அமத்தாமலே, அதாவது அழுத்தித் திறக்காமலே, அது எங்கே போகிறதென்று கணினியில் கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் பார்க்கலாம். ஆனால் வழிகள் எல்லாம் ஒரே அளவு பாதுகாப்பானவை அல்ல.

பலர் சொல்லிக்கொடுப்பது, இணைய முகவரியைக் கேட்டுப் பதிலைக் காட்டும் கர்ல் கட்டளையோடு சிறுகோடும் பெரிய எழுத்து ‘எல்’லும் சேர்ப்பது. லிங்க் கைகாட்டும் இடத்துக்கெல்லாம் கர்ல் தானே போகும். ஒரு முகவரியிலிருந்து அடுத்ததுக்குப் போவது ஒரு தாவல்; இப்படி 50 தாவல் வரை. பக்கத்துக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடாது என்பது உண்மை. ஆனாலும் மோசடிக்காரரின் சர்வரை நம் கணினி தொட்டுவிடுகிறது. ஐபி முகவரி அங்கே பதிவாகிறது. ஒவ்வொரு நம்பருக்கும் தனி லிங்க் அனுப்பியிருந்தால், மாமியின் நம்பர் உயிரோடு இருக்கிறது என்று மோசடிக்காரருக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி.

நான் யாருக்கும் சொல்வது, ‘எல்’லுக்குப் பதிலாகச் சிறுகோட்டோடு ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’யைத்தான். அது ஹெடர்களை, அதாவது பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகளை, மட்டும் கேட்கும், தாவாது. பதிலில் ‘வேறு முகவரிக்குப் போ’ என்று சொல்லும் 301, 302 போன்ற எண்ணும், ‘லொகேஷன்’ வரியில் அடுத்த முகவரியும் இருக்கும். நாம் பேசியது சுருக்கிக் கொடுத்த நிறுவனத்தோடு மட்டுமே. அடுத்ததும் ஒரு சுருக்கம் என்றால் அதையும் இப்படியே கேளுங்கள். தெரியாத தளம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். சில சர்வர்கள் இந்தக் கேள்வியை ஏற்காமல் 405 என்று திருப்பிவிடும். அப்போது பெரிய ‘ஐ’யை எடுத்துவிட்டு, ‘எல்’ சேர்க்காமல், சின்ன எழுத்து ‘ஐ’யோடு கேட்டால் ஹெடர்களும் பக்கமும் சேர்ந்து வரும். லிங்க்கை மேற்கோள் குறிக்குள் போட மறக்க வேண்டாம். நடுவில் ‘அண்ட்’ குறி (&) வந்தால், கட்டளையை வாசிக்கும் ஷெல் அதை அங்கேயே வெட்டிவிடும்.

விண்டோஸ்காரருக்கு ஒரு எச்சரிக்கை. 2018 முதல் விண்டோஸ் 10-இல் கர்ல் கூடவே வருகிறது. ஆனால் விண்டோஸின் கட்டளைச் சாளரமான பழைய பவர்ஷெல்லில் ‘கர்ல்’ என்பது வேறொரு கட்டளையின் மாற்றுப்பெயர், அது கேட்காமலே தாவும். பெயரோடு ‘டொட் எக்ஸி’ சேர்த்துத் தட்டுங்கள்.

கர்ல் போன்ற இன்னொரு கட்டளையான விகெட் சும்மா விட்டால் 20 தாவல் வரை போகும். தாவல் எல்லையைச் சுழியமாக்கினால்தான் இந்த வேலைக்கு உதவும். நிறைய லிங்க் ஒன்றாகச் சோதிப்பவருக்குப் பைதான் நிரல்மொழியின் ரிக்வெஸ்ட்ஸ் என்ற நூலகம் நல்லது. அதில் ஹெடரை மட்டும் கேட்கும் ‘ஹெட்’ இயல்பாகத் தாவாது, பக்கத்தையே கேட்கும் ‘கெட்’ தாவும். அங்கேதான் கவனம் தேவை.

பிட்லி லிங்க் என்றால் கட்டளையே வேண்டாம்: கடைசியில் கூட்டல் குறி சேர்த்தால் முன்னோட்டம் வரும். டைனியூஆர்எல்லுக்கு முன்னால் ‘பிரிவியூ’வும் ஒரு புள்ளியும் சேர்க்க வேண்டும். சரி, மற்றச் சுருக்கங்களுக்கு இது பொருந்தாது.

கர்ல் எல்லாவற்றையும் காட்டிவிடாது. போனுக்கு ஒரு முகவரி, கணினிக்கு வேறொன்று என்று கொடுக்கும் சர்வர்கள் உண்டு. பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் செய்யும் தாவலும் இதில் தெரியாது.

முகவரி கிடைத்த பின் அதை வாசிக்கவும் தெரிய வேண்டும். இரட்டைச் சாய்கோட்டுக்கு அப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாகப் பாருங்கள். அதை ஒட்டி இருப்பதுதான் உண்மையான தளம். முன்னால் எந்த வங்கியின் பெயரையும் எவரும் ஒட்டிக்கொள்ளலாம். இலங்கை அரச அலுவலகம் என்று சொல்லும் செய்தியில் அந்த இடம் ‘ஜிஓவி டொட் எல்கே’ என்று முடியாவிட்டால், மாமியிடம் அழித்துவிடச் சொல்லுங்கள்.