கீழக்கரையா, ராமநாதபுரமா, ராமேஸ்வரம் தீவா? வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடும்பம் எங்கே இறங்குவது

துபாயிலோ சிங்கப்பூரிலோ வருஷக்கணக்கில் இருந்துவிட்டு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் குடியேற நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது இடத்தின் விலையைத்தான். என்னிடம் யோசனை கேட்டு வந்தால் நான் முதலில் வேறொன்றைக் கேட்பேன். வீட்டுக்காரரும் சேர்ந்து வருகிறாரா, இல்லை மனைவி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பச் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போகிறாரா? நம் பக்கத்தில் இரண்டாவது வகைக் குடும்பங்கள் நிறைய. இதற்குப் பதில் தெரிந்தால் எந்த ஊர் என்பது பாதி முடிவாகிவிடும்.

அவர் திரும்பிப் போகிறார், மனைவிக்குக் கீழக்கரையில் தாய்வீடு இருக்கிறது என்றால் நான் யோசிக்காமல் கீழக்கரை என்று சொல்வேன். அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு என்பது பழைய வழக்கம்; கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒரு பெண்ணைச் சுற்றி அவளுடைய உம்மா, லாத்தா (அக்கா), சாச்சி (சின்னம்மா) என்று ஒரு தெருவே இருக்கும். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் தட்டுவதற்குக் கதவு உண்டு. கணவர் இல்லாத வீட்டில் இதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்த ஊராலும் தர முடியாது. பெண் பிள்ளைகள் படிப்புக்கும் வழி இருக்கிறது. முகமது சதக் பொறியியல் கல்லூரி 1984-லிலும், தாசிம் பீவி மகளிர் கல்லூரி 1988-லிலும் தொடங்கியவை. கல்லூரிக்காக மகளை வெளியூர் விடுதியில் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை.

ஆனால் அங்கே சொந்தம் இல்லாதவர்களுக்கு இதே ஊர் கடினமாக இருக்கலாம். உள்தெருக்களில் வாடகை வீடு சுலபத்தில் அமையாது. தெரிந்தவர் சொன்னால்தான் சாவி கைக்கு வரும். ரயிலும் கிடையாது. பெரிய வைத்தியம், கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் 17 கிலோமீட்டர் தாண்டி ராமநாதபுரம் வந்தாக வேண்டும்.

குடும்பம் மொத்தமாகத் திரும்புகிறது, பள்ளி வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் என் தேர்வு ராமநாதபுரம் டவுன். பாரதி நகர், பட்டணம்காத்தான் பக்கம் வீடு எடுத்தால் பள்ளி, பேங்க், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரம். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் விமான நிலையம். வயதான அம்மா, அப்பாவையும் கூட வைத்திருப்பவர்களுக்கு இந்த மருத்துவமனை ஒன்றே போதும், டவுன் பக்கம் சாய்வதற்கு.

பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாரும் சிபிஎஸ்இயா மெட்ரிக்கா, கட்டணம் எவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையை உண்மையில் வாட்டப்போவது தமிழ்ப் பாடம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. பின்னால் மற்ற வாரியப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. வளைகுடாவில் இந்தியும் அரபியும் படித்த பிள்ளை வீட்டில் தமிழ் சரளமாகப் பேசும். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. ஏழாம் வகுப்பில் சேர்த்துவிட்டால், மற்றவர்கள் செய்யுளை மனப்பாடம் செய்யும்போது இந்தப் பிள்ளை உயிர்மெய்யோடு மல்லுக்கட்டும். நேற்றுவரை வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை திடீரென்று கடைசி பெஞ்சுக்குப் போவது சின்ன அடி அல்ல. அது வாயைத் திறந்து சொல்லவும் சொல்லாது.

சிங்கப்பூரிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் குறைவு, அங்கே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படித்திருந்தால். அதற்குத் தொல்லை காலண்டரில்தான். அங்கே படிப்பு ஜனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். நடுவில் விழும் மாதங்களை வீட்டிலேயே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பின் பாதியில் போய் உட்கார வேண்டும். வளைகுடாவிலுள்ள இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிப்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு மாதக் கணக்கு சரியாகப் பொருந்திவிடும்.

ஆகவே ஐந்தாம் வகுப்புக்கு முன்னால் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் பத்தாம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வந்துதான் ஆக வேண்டும் என்றால், வருவதற்கு ஒரு வருஷம் முன்பே அங்கேயே தமிழ் ஆசிரியர் ஒருவரைப் பிடித்து எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். டவுனுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவதற்கு இதுவும் காரணம். ஒரு பள்ளி ஒத்துவராவிட்டால் மாற்றிச் சேர்க்க இன்னொன்று இருக்கும், டியூஷனுக்கும் ஆள் கிடைக்கும்.

அப்புறம் தண்ணீர். இந்த மாவட்டத்தில் வீடு பார்க்கப் போனால் அறைகளை எண்ணுவதற்கு முன் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குடிக்க, சமைக்க காவிரி கூட்டுக் குடிநீரை நம்பித்தான் பிழைப்பு. அது எட்டாத இடத்தில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அலைவதை இன்றும் பார்க்கலாம். டவுன் ஓரத்தில் புதிதாகப் போட்ட நகர்களில் மனை அழகாக இருக்கும், குழாய் வந்து சேர்ந்திருக்காது. மனை விற்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஆச்சரியப்படுத்துவது தீவுதான். சுற்றிலும் கடல் இருந்தும் தங்கச்சிமடம் பக்கத்து மணலில் அதிக ஆழமில்லாமலே நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அங்கிருந்து மல்லிகை நாற்று வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. காற்றும் கடலும் நெஞ்சை நிறைக்கும். வெளிநாட்டில் அடுக்குமாடியில் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் ஆசை வருவது நியாயம்தான்.

ஆனாலும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்தைத் தீவுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். 1914-ல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-ல். அதுவரை ரயிலேற மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ வர வேண்டியிருந்தது. தீவையும் கரையையும் இணைக்க இருந்தது 1988-ல் திறந்த சாலைப் பாலம் மட்டும்தான். இப்போதும் கடலில் காற்று கடுமையானால் ரயிலை நிறுத்தித்தான் வைப்பார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் ரோட்டில் வண்டி நகராது. அந்த நாளில் நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை. விடுதி, உணவகம், சுற்றுலா வண்டி என்று தொழில் செய்ய வருபவர்களுக்குத் தீவு பொருந்தும். உடம்பு திடமாக உள்ள, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட தம்பதிக்கும் பொருந்தும்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பூர்வீக வீடு இருந்தால் அங்கே போங்கள். இல்லாதவர்கள் புதிதாகத் தேடிப்போகக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கே இறங்கினாலும் முதல் இரண்டு வருஷம் வாடகைக்கு இருங்கள். சம்பாதித்ததை எல்லாம் வந்த உடனே செங்கல்லில் போடுவது நம் பக்கத்து வழக்கம். உப்புக் காற்று கேட்டை அரிக்கும், ஏசியின் வெளிப்பெட்டியை அரிக்கும், பூச்சு சரியில்லாத இடத்தில் கம்பி வரைக்கும் போகும். கடலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிக் கட்டுவது என்பதைக் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். நிரந்தரமாகத் திரும்பியவர்கள் பேங்கில் சொல்லி, வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வதையும் தள்ளிப்போட வேண்டாம்.

வீடு பார்க்க மழைக்காலத்தில் வராதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா ஊரணியும் நிறைந்திருக்கும், எல்லா வீடும் நன்றாகத் தெரியும். மே மாத வெயிலில் வந்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டுவிட்டு, பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.