ரேக் பூச்சு: கால்வனைசிங்கா, பவுடரா, பிளாஸ்டிசாலா, பாலியூரியாவா?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு பட்டறையில், சாமானை வைத்துக் கன்டெய்னரில் அனுப்பும் இரும்புச் சட்டமான ரேக் செய்வதும், கப்பலேறிப் போய் அடிபட்டுத் திரும்பி வரும் ரேக்கைப் பழுது பார்ப்பதும் என் வேலை. பம்ப் கூடு, கியர் பெட்டி, பெயின்ட் அடித்த கதவுத் தகடு என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு சாமான். மரப்பெட்டியில் அனுப்பினால் புழு பூச்சி சாகக் கட்டையின் உள்மையம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்திய மரம் வேண்டும், இரும்புக்கு அந்தத் தொல்லை கிடையாது, ஒருமுறை செய்தால் பல வருடம் ஓட்டலாம் என்றுதான் ஆட்கள் ரேக்குக்கு வருகிறார்கள். அது எத்தனை வருடம் ஓடும் என்பது பூச்சைப் பொறுத்தது. அதனால்தான் வாரம் ஒருவராவது "அண்ணே, பாலியூரியா நல்லதா பிளாஸ்டிசால் நல்லதா?" என்று கேட்கிறார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ரேக்கில் எந்த இடத்துக்கு?

ஒரே ரேக்கில் இரண்டு விதமான இடம் இருக்கிறது. சட்டம், கால், ஃபோர்க் நுழையும் குழாய் எல்லாம் மழையிலும் உப்புக் காற்றிலும் கிடந்து ஃபோர்க்லிஃப்ட்டிடம் இடி வாங்குகிற இடம். சாமான் உட்காரும் தாங்கி, கொக்கி, நடுவில் பிரிக்கும் கம்பி எல்லாம் சாமானைக் கீறாமல் பிடித்திருக்க வேண்டிய இடம். முழு ரேக்குக்கும் ஒரே பூச்சு என்று முடிவெடுத்தவர்கள் இரண்டில் ஒரு இடத்திலாவது பணத்தை வீணடித்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் சட்டம். இங்கே போட்டி சூடான துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங்குக்கும் பவுடர் கோட்டிங்குக்கும். பவுடர் அழகாக இருக்கும், எந்த நிறமும் கிடைக்கும், வாடிக்கையாளர் தன் ரேக்கை யார்டில் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். பொடியை 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் தூவி, 180 – 200 டிகிரி ஓவனில் வேகவைத்தால் முடிந்தது. வெயிலில் நிற்கும் ரேக்குக்கு எபாக்ஸி பவுடர் வேண்டாம், சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும், பாலியெஸ்டர் பவுடர்தான் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். ஆனால் பவுடரின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபோர்க் முனை ஒரு இடத்தில் சுரண்டியதும் துரு அந்தக் கீறலோடு நிற்காமல் படலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும், மேலே நிறம் நன்றாகத்தான் தெரியும், விரலால் தட்டினால் ஓடு ஓடாகக் கழன்று விழும்.

துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றத் தன்னைக் கொடுத்துவிடும், அதனால் சின்னக் கீறலில் இரும்பு தெரிந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைத் துருப்பிடிக்க விடாது. ஃபோர்க்லிஃப்ட் தினமும் இடிக்கிற பொருளுக்கு இதைவிட முக்கியமான குணம் எனக்குத் தெரியவில்லை. கணக்கும் எளிது. 3 மி.மீ.க்கு மேல் 6 மி.மீ. வரை கனமுள்ள இரும்புக்கு, கால்வனைசிங்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 1461 கேட்பது சராசரி 70 மைக்ரான். உப்பும் ஈரமும் அதிகமான, சி4 என்று வகைப்படுத்தும் சூழலில் துத்தநாகம் வருடத்துக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் தேயும். வகுத்துப் பார்த்தால் சுமார் 17 வருடத்திலிருந்து 33 வருடம் வரை. கடலை ஒட்டிய யார்டில் குறைந்த எண்ணையே நம்புங்கள், அப்போதும் அது நல்ல ஆயுள்.

கால்வனைசிங்கில் கவனிக்க வேண்டியவை வரைபடத்திலேயே தொடங்குகின்றன. துத்தநாகத் தொட்டி 450 டிகிரியில் இருக்கும், அதற்குள் இரண்டு முனையும் அடைத்த குழாய் போனால் உள்ளே சிக்கிய ஈரம் நீராவியாகி வெடிக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒவ்வொரு குழாயிலும் காற்றும் துத்தநாகமும் போய்வரத் துளை வேண்டும். மெல்லிய தகடு வளையும். மடக்கும் ரேக்கின் கீல்களில் துத்தநாகம் நிறைந்து இறுகிப்போகும், அங்கே இடைவெளி விட்டே வெல்டிங் செய்ய வேண்டும். விளிம்பில் சொட்டி உறைந்த முள் போன்ற துணுக்குகளை அரத்தால் தேய்க்காமல் அனுப்பினால் கையும் கிழியும், சாமானும் கிழியும். அப்புறம் துத்தநாகத்தில் புதிதாக முக்கியெடுத்த ரேக்குகளை மழையில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்கினால் காற்று போகாமல் வெள்ளைத் துரு பிடிக்கும். இதைப் பார்த்து ஆயுள் போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் அந்த வெள்ளைத் தூள் கடைந்து மெருகேற்றிய அலுமினியப் பாகத்தின்மேல் கொட்டினால் வாடிக்கையாளர் சும்மா இருக்க மாட்டார்.

நிறமும் வேண்டும், ஆயுளும் வேண்டும் என்றால் துத்தநாகத்தின்மேல் பவுடர் போடலாம். மேற்பரப்பை லேசாக பிளாஸ்டிங் செய்து (மணல் போன்ற துகளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கி), பவுடர் போடுவதற்கு முன் ஒருமுறை ஓவனில் சூடேற்றி உள்ளே இருக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் படலம் முழுக்க ஊசித்துளை. செலவு இரட்டிப்பு வேலைக்கானது. அடையாளத்துக்கு ஒரு காலில் பட்டையாகப் பெயின்ட் அடித்தால் போதுமே என்பது என் அபிப்பிராயம்.

இப்போது சாமான் தொடுகிற இடம். சண்டை உண்மையில் இங்கேதான்.

பிளாஸ்டிசால் என்பது பிவிசி துகளை மென்மையாக்கும் எண்ணெயில் கலந்த கூழ். இரும்பைச் சூடேற்றி, பிரைமர் என்ற அடிப்பூச்சு பூசி, கூழில் முக்கி எடுத்து மறுபடி 175 – 200 டிகிரியில் வேகவைப்பார்கள். கொக்கி, கம்பி, சின்னத் தாங்கி மாதிரி பாகங்களில் இதன் அழகே தனி, சுற்றிலும் ஒரே சீராக 2, 3 மி.மீ. கனத்தில் ரப்பர் போல உறை மாட்டியதாக இருக்கும், ஸ்பிரே கன் எட்டாத மடிப்பிலும் கூழ் போய் உட்காரும். மென்மையும் கேட்டபடி கிடைக்கும். ஒரே மாதிரி ஐந்நூறு கொக்கி வேண்டும் என்றால் வேறு எதையும் யோசிக்க மாட்டேன், விலையும் குறைவு.

அதற்கு மூன்று குறை உண்டு. தொட்டியும் ஓவனும் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் முக்க முடியும், அதனால் முழு ரேக்கை மறந்துவிடுங்கள், பாகங்களைத் தனியே முக்கி போல்ட் போட வேண்டும். ஓர் இடத்தில் கிழிந்துவிட்டால் அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் உறைக்குள் போய் உள்ளேயே துருப்பிடிக்கும், ஒட்டுப்போட்டாலும் நிலைப்பதில்லை, உரித்துவிட்டு மறுபடி முக்குவதுதான் வழி. உரிக்கிறேன் என்று யாரும் எரித்துவிடக் கூடாது, பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலைப் பதம் பார்க்கும்.

மூன்றாவது குறைதான் எங்களுக்குப் பாடம் சொன்னது. பிளாஸ்டிசாலில் உள்ள எண்ணெய் அப்படியே தங்கிவிடாது, மெல்ல வெளியே கசியும், சூட்டில் வேகமாகக் கசியும். வெயிலில் நிற்கும் கன்டெய்னருக்குள் 60 டிகிரிவரை ஏறும். பெயின்ட் அடித்த தகடுகளை பிளாஸ்டிசால் தாங்கியில் வைத்து அனுப்பினோம், போய்ச் சேர்ந்தபோது தாங்கி தொட்ட இடமெல்லாம் பளபளப்பு மங்கி வரி வரியாகத் தடம், துடைத்தும் போகவில்லை. ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக் உறைகளை வைத்தால் தடம் மட்டுமில்லை, விரிசலே விடலாம். அதேபோல் குளிர்காலத்தில் கொரியா, வடக்கு சீனா போகிற சரக்கு என்றால் கடுங்குளிரில் பிளாஸ்டிசால் விறைத்துப்போகும், இங்கே அழுத்திப் பார்த்த மென்மை அங்கே இருக்காது.

பாலியூரியா இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறது. ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஒரு பக்கம், அமீன் கலந்த பிசின் ஒரு பக்கம், இரண்டையும் 65 – 75 டிகிரிக்குச் சூடேற்றி அதிக அழுத்தத்தில் கன் முனையில் மோதவிட்டு அடிப்பார்கள், சில விநாடியில் இறுகிவிடும். ஓவன் வேண்டாம், ஆகவே ரேக் எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை. எண்ணெய் கசிவதில்லை. கிழிந்தால் அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி மேலே அடித்துவிடலாம், அது ஒட்டும். தேய்மானம் தாங்குவதில் பிளாஸ்டிசால் கிட்டேயே வராது. கூர் விளிம்புள்ள வார்ப்பு இரும்புப் பாகங்களை மாதக்கணக்கில் ஏற்றி இறக்கியும் 3 மி.மீ. பாலியூரியா நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண வகை வெயிலில் மஞ்சளாகும், நிறம் மாறுவதால் உறுதி போய்விடாது, இதற்காக விலை அதிகமான வெயில் தாங்கும் வகையை வாங்க வேண்டாம்.

ஆனாலும் மெருகு முக்கியமான சாமானுக்கு நான் பாலியூரியாவைச் சொல்வதில்லை. பிளாஸ்டிசாலைவிட இது கடினம், மேற்பரப்பும் ஆரஞ்சுத் தோல் போலப் பொரிப்பொரியாக இருக்கும். அந்தக் குழிகளில் இரும்புத் துகளும் மணலும் போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு அதிர்விலும் சாமானை அதுவே தேய்க்கும். எனவே பெயின்ட் அடித்த தகட்டுக்கு நாங்கள் கடைசியில் போனது பூச்சே இல்லாத வழி: அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிஎதிலீன் பிளாஸ்டிக் கட்டையை வெட்டி, மேலே தடம் விடாத மென்மையான துணி ஒட்டி, தாங்கியில் இரண்டு போல்ட். தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டுவது பத்து நிமிட வேலை. தொடக்கத்தில் செலவு கூடத்தான், ஆனால் ரேக் பட்டறைக்குத் திரும்பி வர வேண்டியதே இல்லை. உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கம் சில்லுத் தொழிற்சாலைகளுக்குப் போகும் கருவி ரேக் என்றாலும் பிளாஸ்டிசால் பேச்சையே எடுக்காதீர்கள். கசியும் எண்ணெயின் ஆவி, சில்லு செய்யும் வேஃபர் தகட்டின்மேல் படிந்துவிடும் என்று அவர்கள் மென்மையாக்கிய பிவிசியை உள்ளே விடத் தயங்குவார்கள். நிலைமின்சாரத்தை மெல்லக் கடத்தும் கட்டைகள் கிடைக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, எந்தப் பூச்சை எடுத்தாலும் இந்த ஊரின் காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் எல்லாம் வீண். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். பிளாஸ்டிங் செய்த இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி, சில மணி நேரம் வெளியில் விட்டாலே கண்ணுக்குத் தெரியாத துரு பிடிக்கத் தொடங்கும். ஒருமுறை ஒரு துணை ஒப்பந்தக்காரர் மாலையில் பிளாஸ்டிங் முடித்து, இரவு இடிமழை பெய்ய, மறுநாள் காலை எட்டு மணிக்கு பாலியூரியா அடித்துக் கொடுத்தார். பார்க்க அருமையாக இருந்தது. நான்காவது மாதம் ரேக்குகள் திரும்பியபோது ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் பாய் போலச் சுருண்டு வந்தது, பின்பக்கம் முழுக்கக் காவி நிறம். பாலியூரியா ஈரத்தில்கூட இறுகும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மை. அது இறுகுவதைப் பற்றியது, ஒட்டுவதைப் பற்றியதில்லை. அன்றிலிருந்து என் விதி: ஸா 2½ தரத்துக்கு, அதாவது துருவும் பழைய பூச்சும் கிட்டத்தட்ட முழுதும் போகும்வரை பிளாஸ்டிங், இரும்பின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி கூடுதல், ஈரப்பதம் 85க்குள், பிளாஸ்டிங் முடிந்த அதே வேளைக்குள் பிரைமர். அளந்து எழுதிய தாளைக் கொடுக்காதவரிடம் வேலை கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாலியூரியா அடிக்கிற தம்பிகளில் பலர் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். அடிக்கும்போது பறக்கும் ஐசோசயனேட் துளி மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு துளியளவு பட்டாலே மூச்சு இழுக்கும், அந்தப் பிள்ளை அந்த வேலையையே விட வேண்டியதுதான். துணி மாஸ்க்கும் சாதாரண வடிகட்டி மாஸ்க்கும் இதற்குப் போதாது, வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். விலை கேட்கப் போகும்போது ஸ்பிரே அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். காற்றுக் குழாய் இல்லையென்றால் அவர் சொல்லும் மலிவு விலை யாருடைய நெஞ்சிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும், அங்கே வேலை கொடுக்காதீர்கள். தொலைவில் நிற்கும் உதவியாளருக்கும் முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது என்னிடம் வந்தால் நான் எழுதிக்கொடுப்பது இப்படித்தான் இருக்கும். சட்டம் கால்வனைசிங். வார்ப்பு இரும்பு, கனமான பாகம் என்றால் தாங்கியை மட்டும் தனியே செய்து பாலியூரியா. கம்பி, கொக்கி மாதிரி சின்னப் பாகம், அதில் எண்ணெய் படியாத எளிய சாமான் என்றால் பிளாஸ்டிசால். பெயின்ட், பிளாஸ்டிக், மெருகு என்றால் போல்ட் போட்ட கட்டை. எதுவானாலும் தாங்கி சட்டத்திலிருந்து கழன்று வர வேண்டும், வெல்டிங் கூடாது. முழு ஆர்டருக்கு முன் இரண்டே இரண்டு ரேக் செய்து, உண்மையான சாமானை வைத்து, உண்மையான வழியில் ஒருமுறை போய்வரச் செய்யுங்கள், கன்டெய்னர் சூடும் அந்த ஊர்க் குளிரும் பட்டு அது திரும்பி வந்ததும் தாங்கி தொட்ட இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மீதி ஆர்டரை அதற்குப் பிறகு கொடுங்கள்.