பொலோன்யாவுக்குச் சாப்பிடப் போகிறீர்களா? தட்டுக்கு மேல் ட்ரஃபிள் காளான் சீவ வந்தால் முதலில் கையைக் காட்டி நிறுத்துங்கள்

மக்களே, இது நீளமான பதிவு, புலம்பலும் கொஞ்சம் இருக்கும். இத்தாலிக்குச் சாப்பாட்டுக்காகவே டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் மட்டுமாவது பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன நவம்பரில் நான், கணவர், என் கல்லூரித் தோழி மூன்று பேரும் மியூனிக்கில் ரயில் ஏறி வார இறுதிக்கு பொலோன்யா போனோம். கோபுரம், தேவாலயம் எல்லாம் பார்க்க இல்லை, சாப்பிடத்தான். இத்தாலிக்காரர்களே அந்த ஊருக்கு 'லா கிராஸ்ஸா', கொழுத்தவள், என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். ஜேப்படிக்குப் பயந்து பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தோம். ஒரு பைசா திருட்டுப் போகவில்லை. பணத்தை எல்லாம் நாங்களே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம், அதுவும் சிரித்துக்கொண்டே.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை காலை ஊரின் பெரிய சதுக்கமான பியாட்சா மஜ்ஜோரேவை ஒட்டிய குவாத்ரிலாதெரோ என்ற பழைய கடைத்தெருச் சந்துகளில் சுற்றினோம். மழை தூறிக்கொண்டே இருந்தது, ஆனால் குடையை விரிக்கவே இல்லை. ஊர் முழுக்க நடைபாதைக்கு மேல் வளைவு வளைவாக மண்டபம் மாதிரி கட்டியிருக்கிறார்கள், மொத்தம் 62 கிலோமீட்டர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மா நீளமான உருட்டுக்கட்டையால் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார், மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே அப்பளம், பின்னால் கையை வைத்தால் தெரியும் போல அவ்வளவு மெல்லிசு. தோழி கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டாள். கணவர் மொர்ததெல்லா என்ற பன்றி இறைச்சித் துண்டு வைத்த ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார், விலை எழுதிப் போட்டிருந்தது, அதே விலையைத்தான் வாங்கினார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

மதியம் இரண்டு மணிக்கு, ஆன்லைனில் முன்பதிவு செய்திருந்த சாப்பாட்டுச் சுற்றுலா. ஆளுக்கு 79 யூரோ. 'பார்மிஜானோ சீஸ் தயாராவதை நேரில் பாருங்கள், மோதெனாவில் பரம்பரை வினிகர் வீட்டுக்குள் நுழையுங்கள்' என்று போட்டிருந்தார்கள். இதை முன்பதிவு செய்தது நான்தான், அதனால் இந்தப் பத்தியை எழுதும்போது கொஞ்சம் குரல் இறங்கித்தான் வருகிறது.

சீஸ் பட்டறைக்குள் போனால் ஒரு ஈ, காக்கா இல்லை. கழுவிக் கவிழ்த்த மணி மாதிரி செம்புக் கொப்பரைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, தரை ஈரமாக இருந்தது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ செய்வது காலை வேலை. முந்தின நாள் மாலைக் கறவையை இரவு முழுக்க வைத்து ஆடை எடுத்துவிட்டு, அதோடு காலைப் பாலைச் சேர்த்துக் கொப்பரையில் ஊற்றுவார்கள். மதியத்துக்கு முன்னாலேயே அன்றைய சீஸ் அச்சுக்குள் போய்விடும். மதியம் போகிற எந்தச் சுற்றுலாவிலும் 'தயாராவதை நேரில்' பார்க்க முடியாது, இது அந்த வழிகாட்டிக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டதற்கு, "இன்றைக்குச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள்" என்றார். தினமும் சீக்கிரம்தான் முடிப்பார்கள், ஐயா.

அது போகட்டும். தோழி முட்டை சாப்பிடுவாள், கறி மீன் தொட மாட்டாள். "இது சைவமா?" என்று தெளிவாக, இரண்டு தடவை கேட்டாள். "பால், உப்பு, அவ்வளவுதான், முழுச் சைவம்" என்றார் வழிகாட்டி. மூன்று துண்டு சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்று ஒரு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டாள். ஊர் திரும்பிப் படித்துப் பார்த்தால்தான் தெரிகிறது, பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட்டை ஊற்றித்தான் பாலைத் திரிக்க வேண்டும், அது விதி. அவள் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

அடுத்தது வினிகர் வீடு. வீடு இல்லை, கடை. வாசலில் பீப்பாய்களை அழகாகச் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கியிருந்தார்கள், வழிகாட்டி ஒவ்வொன்றும் ஒரு வகை மரம் என்று கையைத் தடவித் தடவி விளக்கினார். கணவர் படம் எடுக்க ஒரு பீப்பாய் மேல் லேசாகச் சாய்ந்தார், அது அப்படியே நகர்ந்துவிட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை! அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிளாஸ்டிக் கரண்டியில் ஒரு சொட்டு கொடுத்தார்கள், கெட்டியாக, பழைய புளிக்காய்ச்சலில் வெல்லம் போட்ட மாதிரி இனிப்பும் புளிப்புமாக இருந்தது. லேபிளில் தங்க நிறத்தில் பெரிதாக 25. "இருபத்தைந்து வருஷமா?" என்றேன். வழிகாட்டி ஆமாம் என்று கூடச் சொல்லவில்லை, கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டினார். 250 மில்லி 48 யூரோ. வாங்கினேன்.

இதில் ஏமாறாமல் இருக்க ஒரு நிமிஷம் போதும், அதனால் சொல்கிறேன். மோதெனா வினிகரில் இரண்டு ஜாதி. ஒன்று பாரம்பரியம் என்று பொருள்படும் 'ட்ரதித்சியோனாலே' என்ற சொல் லேபிளில் இருப்பது. அதில் காய்ச்சிய திராட்சைச் சாறு தவிர வேறு எதுவும் கிடையாது, குறைந்தது 12 வருஷம், 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்றால் குறைந்தது 25 வருஷம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். மோதெனாவில் இது 100 மில்லி உருண்டைக் குப்பியில் மட்டும்தான் வரும், அடிப்பக்கம் செவ்வகமாக இருக்கும், கார் வடிவமைக்கிற ஜூஜாரோ போட்டுக் கொடுத்த வடிவம். இன்னொன்று சாதாரண ஐ.ஜி.பி. (ஊர்ப்பெயருக்கான புவிசார் குறியீடு) வினிகர். அதில் ஒயின் வினிகர் கலந்திருக்கும், 60 நாள் வைத்திருந்தாலே போதும், நிறத்துக்குக் கேரமல் சேர்க்கவும் அனுமதி உண்டு. அதுவும் நல்ல பொருள்தான், கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அதன் மேல் எழுதியிருக்கிற 12, 25 எல்லாம் வயசு கிடையாது, கடைக்காரர் வைத்த பெயர். என் பாட்டிலைத் திருப்பிப் பொருட்களைப் படித்தது எப்போது என்கிறீர்கள்? மியூனிக் சமையலறையில், திங்கட்கிழமை ராத்திரி. முதல் சொல்லே ஒயின் வினிகர்.

சரி, இப்போது முக்கியமான கதை. சனிக்கிழமை இரவுச் சாப்பாடு.

நல்ல இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, முன்பதிவு செய்யாமல் சனிக்கிழமை எட்டு மணிக்குப் போனது எங்கள் தப்பு. நான்கு வாசலில் தலையை ஆட்டித் திருப்பி அனுப்பினார்கள். பசி. இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வாசலிலேயே நின்ற ஒருவர், நடு வயசு, நல்ல கோட்டு, கதவைத் திறந்துபிடித்து உள்ளே கூப்பிட்டார். உள்ளே வெளிச்சம், வெள்ளை மேசை விரிப்பு, அக்கம்பக்கத்தில் இத்தாலியப் பேச்சும் கேட்டது. உட்கார்ந்துவிட்டோம். ஆங்கில மெனு என்று லேமினேட் செய்த ஒரே தாள் கொடுத்தார். நானும் கணவரும் ராகு போட்ட தாலியத்தெல்லே, அதாவது நாடா மாதிரி பாஸ்தா, சொன்னோம் (கேதுவோடு வருகிற ராகு இல்லை, கறியைப் பல மணி நேரம் சுண்டவைத்த குழம்பு), 14 யூரோ. தோழி ரிக்கோத்தா சீஸை உள்ளே அடைத்த பாஸ்தா, தோர்தெல்லோனி, 15. கடைசி எழுத்துகளை நன்றாகப் பாருங்கள், தோர்தெல்லினி என்றால் உள்ளே பன்றி, தோர்தெல்லோனி என்றால் பெரும்பாலும் பாலாடைக்கட்டி. இதை மட்டும் நாங்கள் சரியாகச் செய்தோம்.

தட்டுகள் வந்தன. ஆவி பறந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டுக்காரர் கையில் ஒரு சின்னத் துணியோடு வந்தார். துணியைப் பிரித்தால் உள்ளே இஞ்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில் ஒரு கிழங்கு மாதிரி, மண் நிறம். வெள்ளை ட்ரஃபிள். மண்ணுக்கடியில் மரவேரோடு வளர்கிற காளான், நவம்பர்தான் அதன் காலம், நாய் மோந்து பார்த்துத் தோண்டி எடுப்பார்கள். வாசனை முதலில் வந்தது, பூண்டும் ஈர மண்ணும் எங்கேயோ கசிகிற காஸும் சேர்ந்தது போல, பிடிக்குமா பிடிக்காதா என்று முடிவு செய்வதற்குள் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. "கொஞ்சம்?" என்றார், இன்னொரு கையில் சீவுகிற பலகை. விருந்துக்கு வந்தவருக்கு நெய் ஊற்றுகிறவர் முகம் அவருக்கு.

தோழி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். "எவ்வளவுன்னு கேளுடி."

"சும்மா இரு, அசிங்கமா இருக்கும்" என்றேன்.

கோயம்பேட்டில் கத்தரிக்காய்க்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்ற வாய் இது. வெள்ளை மேசை விரிப்பைப் பார்த்ததும் விலை கேட்பது நாகரிகக் குறைவு என்று எங்கிருந்தோ எனக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கோட்டுக்காரர் இதைத்தான் நம்பிப் பிழைப்பு நடத்துகிறார் என்று இப்போது புரிகிறது. மெல்லிய மெல்லிய சீவல், மூன்று தட்டிலும் விழுந்தது. போதும் என்று யாராவது சொல்லும் வரை நிறுத்தவில்லை, நாங்களும் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பில் கேட்டதும் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்தார். பேனாவால் ஒரே எண்: 225. குடித்தது, மற்றது எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 93க்கு மேல் வரக்கூடாது. அச்சடித்த பில், 'ஸ்கொந்த்ரீனோ', வேண்டும் என்று கேட்டதற்குப் பத்து நிமிஷம் ஆனது. வந்ததில் தனி வரியாக ட்ரஃபிள், 22 கிராம், கிராம் 6 யூரோ, மொத்தம் 132. கிராம் ஆறு யூரோ என்பது வெள்ளை ட்ரஃபிளுக்கு நடக்காத விலை இல்லை, அதை நான் சண்டையாக்கவில்லை. ஆனால் எங்கள் முன்னால் யாரும் எடை போடவே இல்லையே, 22 கிராம் எங்கிருந்து வந்தது? ஒழுங்கான இடங்களில் விலையை முதலில் சொல்லி, சீவுவதற்கு முன்னும் பின்னும் மேசையிலேயே சின்னத் தராசில் வைத்துக் காட்டுவார்கள். அவர் அசரவில்லை. இத்தாலிய மெனுவைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார்: ட்ரஃபிள், எஸ். க்யூ. அதாவது அன்றைய விலைப்படி. எங்களுக்குக் கொடுத்த லேமினேட் தாளில் அந்த வரியே கிடையாது. அதைக் காட்டினால், "அது வெறும் மொழிபெயர்ப்பு" என்கிறார்.

தாலியத்தெல்லே வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் தங்கத்தில் ஒரு துண்டு செய்து வணிகச் சபையில் வைத்திருக்கிற ஊர் இது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தராசு எங்கே என்று கேட்டு நான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் பேசி, கடைசியில் பெரிய மனசு பண்ணி 'கோபெர்தோ'வைக் கழித்தார். ரொட்டிக்கும் மேசைக்கும் ஆளுக்கு 3 யூரோ வாங்குகிற காசு அது, மெனுவில் எழுதியிருந்தால் வாங்கலாம், அதில் ஏமாற்று இல்லை. 216 கார்டில் போனது. பக்கத்து மேசைகள் எல்லாம் எங்களையே பார்த்தன, கணவர் "கட்டிட்டுப் போயிடலாம்மா" என்றார், கட்டிவிட்டேன். கட்டியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "117க்கு ஏன் போன் செய்யவில்லை?" அது குவார்தியா தி ஃபினான்ட்சா, வரி, நிதி விவகாரங்களைப் பார்க்கிற காவல் படை. துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதிக் கொடுக்கிற கடைக்கு அந்தப் பெயர் ஆகவே ஆகாதாம், டயல் செய்யக்கூட வேண்டாம், மேசை மேல் போனை வைத்து எண்ணை உரக்கச் சொன்னால் போதும் என்று சிரித்தார். பழைய கதை ஒன்றும் சொன்னார்: 2018இல் வெனிஸில் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு ஸ்டேக், வறுத்த மீன், தண்ணீருக்கு 1,100 யூரோவுக்கு மேல் பில் போட்டார்கள். அவர்கள் பொலோன்யாவில் படித்துக்கொண்டிருந்தவர்கள், திரும்பி வந்து இங்கேதான் போலீசில் புகார் கொடுத்தார்கள், விஷயம் பெரிதாகி அந்த உணவகத்துக்கு அபராதமும் விழுந்தது. எங்கள் ரயிலுக்கு அப்போது ஒன்றரை மணி நேரம் இருந்தது. போகவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

வங்கியில் முறையிட்டேன். ரகசிய எண்ணைப் போட்டு நீங்களே ஒப்புக்கொண்ட தொகை, திருப்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். சுற்றுலாக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு அடுத்த பயணத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள், யாருக்காவது வேண்டுமா? தோழி வாங்கிய சீஸ் பாக்கெட்டைக் கணவர் ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டார். வினிகரை நான் வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அரைப் பாட்டில் இருக்கிறது.