மகிளா சம்மான் சேமிப்புப் பத்திரம்: பட்ஜெட் தந்த 7.5 விழுக்காடு வீட்டுக்கு என்ன செய்தது?

2023 பிப்ரவரி 1ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த மத்திய நிதிநிலை அறிக்கையில் பெண்களுக்கென்று அறிவிக்கப்பட்ட சிறுசேமிப்புத் திட்டம்தான் மகிளா சம்மான் சேமிப்புப் பத்திரம். அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில் அஞ்சலகங்களில் தொடங்கி, பின்னர் வங்கிகளுக்கும் விரிந்து, 2025 மார்ச் 31ஆம் தேதியோடு புதிய கணக்குகளுக்குக் கதவடைத்தது. மூடிய திட்டத்துக்கு இப்போது எதற்கு மதிப்புரை என்று கேட்கலாம். கடைசி நாள்களில் தொடங்கிய கணக்குகள் 2027 மார்ச்சில்தான் முதிர்கின்றன. ஏற்கெனவே முதிர்ந்த பணத்தை எங்கே போடுவது என்ற பேச்சு பல வீடுகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதோடு, பட்ஜெட்டில் அறிவிக்கப்படும் ஒரு திட்டம் சம்பளக்காரக் குடும்பத்தின் கைக்கு வந்து சேரும்போது என்னவாகிறது என்பதை ரூபாய்க் கணக்கில் பார்க்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

விதிகள் சுருக்கமானவை. பெண்கள் தம் பெயரிலும், சிறுமிகள் பெயரில் காப்பாளரும் கணக்குத் தொடங்கலாம். குறைந்தது 1,000 ரூபாய், அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய், காலம் இரண்டு ஆண்டுகள், வட்டி 7.5 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டியாகச் சேரும் இந்த வட்டி, இடையில் சந்தை எப்படிப் போனாலும் மாறாது. 2 லட்சம் ரூபாய் போட்டவருக்கு முதிர்வில் 2,32,044 ரூபாய் கிடைக்கும். ஓராண்டு முடிந்ததும் ஒரேயொரு முறை 40 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு காரணம் எதுவும் சொல்லாமலே கணக்கை முடிக்கலாம், ஆனால் அப்போது வட்டி 5.5 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

இந்த இடைப்பட்ட எடுப்புதான் திட்டத்தின் சிறந்த அம்சம் என்பது என் கருத்து. திருப்பூரில் தையல் வேலை பார்க்கும் என் சித்தி, பி.எஃப். பணத்திலிருந்து 1 லட்சம் ரூபாயை இதில் போட்டிருந்தார். ஓராண்டு முடிந்த கையோடு மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 40,000 ரூபாயை எடுத்தார். மீதிப் பணம் அதே 7.5 விழுக்காட்டில் தொடர்ந்து, முதிர்வில் 72,900 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. வட்டிக்கடைக்கும் போகவில்லை, நகையும் அடகுக்குப் போகவில்லை. வங்கி வைப்புத்தொகையை நடுவில் உடைத்திருந்தால் வட்டியில் ஒரு பங்கு அபராதமாகப் போயிருக்கும். பாஸ்புக்கில் அந்த எடுப்புக்கான பதிவுக்குக் கீழே வட்டி வழக்கம்போல் ஏறியிருப்பதைச் சித்தி விரல் வைத்துக் காட்டினார். ஆயிரம் விளம்பரங்கள் சொல்லாததை அந்த ஒரு பக்கம் சொல்லிவிட்டது.

இனிக் கசப்பான பக்கத்துக்கு வருவோம். பெண்களுக்கான சிறப்புத் திட்டம் என்றால், அந்தச் சிறப்பு எத்தனை ரூபாய் பெறும்? அஞ்சலகத்திலேயே ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவாக இருக்கும் இரண்டாண்டு வைப்புக்கு 2023 ஜூலை முதல் 7 விழுக்காடு வட்டி தரப்படுகிறது. அதில் 2 லட்சம் ரூபாய் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,372 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளில் 28,744 ரூபாய் வட்டி வரும். மகிளா சம்மானில் வருவது 32,044 ரூபாய். வேறுபாடு 3,300 ரூபாய். இருபத்துநான்கு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 137 ரூபாய் 50 காசு. அதுவும் உச்சவரம்பு வரை போட முடிந்தவருக்குத்தான். இதே நிதியமைச்சர் 2025 பட்ஜெட்டில் புதிய வரிமுறையின் அடுக்குகளை மாற்றியபோது, 12 லட்சம் ரூபாய் வரிக்குரிய வருமானம் உள்ள ஒருவருக்கு ஓராண்டில் மிச்சமானது 80,000 ரூபாய். இரண்டும் வெவ்வேறு வகையான சலுகைகள் என்பது உண்மைதான். ஆனாலும் மாதச் செலவை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கும் ஒரு குடும்பத்தலைவிக்கு இரண்டும் ரூபாயாகத்தான் கண்ணில் படும்.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. ஒரு கணக்கில் ஒரே முறைதான் பணம் போட முடியும். மாதாமாதம் சேர்த்துப் போட வழியில்லை. இன்னொரு கணக்குத் தொடங்க வேண்டுமென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கையில் மொத்தத் தொகை இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வார இறுதியில் கூலி வாங்குபவருக்கும் மாதச் சம்பளத்தில் பிடித்தம் போகப் பத்தாயிரத்துச் சொச்சம் கையில் வருபவருக்கும் திட்டத்தின் கதவு அந்த இடத்திலேயே முக்கால்வாசி மூடிவிடுகிறது. திட்டம் தொடங்கிய 2023-24இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கான தினக்கூலி 294 ரூபாய். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்து, முழுக்கூலியும் வந்தால் 29,400 ரூபாய். 2 லட்சம் ரூபாய் இரண்டு ஆண்டுகளில் ஈட்டும் வட்டி அதைவிட அதிகம். இத்தகைய பெண்கள் ஏலச்சீட்டையும் நகைச்சீட்டையும் நாடுவதற்குக் காரணம் அறியாமை அல்ல. சிறுகச் சிறுகக் கட்டும் வசதி அங்கேதான் இருக்கிறது. அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர்வைப்பு அந்த வசதியைத் தருகிறது, ஆனால் அதன் வட்டி 6.7 விழுக்காடுதான். மகிளா சம்மானின் வட்டியை அந்தத் தொடர்வைப்புக்குத் தந்திருந்தால் திட்டத்தின் பெயருக்கும் பயனுக்கும் இன்னும் நெருக்கம் இருந்திருக்கும்.

நகை என்றதும் தங்கத்தோடு ஒப்பிடாமல் விடமாட்டார்கள். 2023 ஏப்ரலில் சென்னையில் ஒரு பவுன் ஏறக்குறைய 45,000 ரூபாய். 2025 ஏப்ரலில் அது 70,000 ரூபாயைத் தாண்டியது. இந்தக் கணக்கைக் காட்டி அஞ்சலகத்தில் போட்டவர்களைக் கேலி பேசுவது நியாயமாகப் படவில்லை. தங்கம் ஏறுமென்று யாரும் எழுதித் தரவில்லை; இங்கே 7.5 விழுக்காட்டை அரசு எழுதித் தந்தது. நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2023-24இல் 5.4 விழுக்காடாகவும் 2024-25இல் 4.6 விழுக்காடாகவும் இருந்த நிலையில், போட்ட பணம் விலைவாசியை முந்திச் சற்றேனும் வளர்ந்தது என்பதே இத்தகைய திட்டத்திடம் எதிர்பார்க்கக் கூடியது.

வரி விஷயத்தில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். இந்த முதலீட்டுக்கு 80சி கழிவு, அதாவது போட்ட பணத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. வட்டியையும் மொத்த வருமானத்தில் சேர்த்துக் காட்டியாக வேண்டும். உச்சவரம்பு வரை போட்டாலும் வட்டி 2025 மார்ச் வரை இருந்த 40,000 ரூபாய் வரம்பைக்கூடத் தொடாததால், முன்கூட்டியே வரிப்பிடித்தம் செய்யப்படுவதில்லை. அதனாலேயே வரி இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மனைவி பெயரில் கணவர் தம் சம்பளத்திலிருந்து போட்ட பணமானால், அந்த வட்டி சட்டப்படி கணவரின் வருமானத்தோடு சேரும். பெண்களின் சேமிப்பு என்று அறிவிக்கப்பட்ட திட்டத்தில் எத்தனை கணக்குகள் இப்படிக் கணவரின் பணத்தில் தொடங்கப்பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

2025 பட்ஜெட்டில் இந்தத் திட்டம் நீட்டிக்கப்படவில்லை. அதே பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தைக் குறைக்கத் தொடங்கி, ஜூனுக்குள் 6.5 விழுக்காட்டிலிருந்து 5.5 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. வங்கி வைப்பு வட்டிகளும் பின்னாலேயே இறங்கின. வீட்டுக்கடன் வாங்கியவருக்குத் தவணை குறைந்த அதே வேளையில், பத்திரம் முதிர்ந்து பணத்தோடு வந்தவருக்குப் போக்கிடம் சுருங்கியது. அஞ்சலகத்திலும் பெரிய வங்கிகளிலும் இரண்டாண்டு வைப்பு எதுவும் இப்போது 7.5 விழுக்காட்டை எட்டுவதில்லை என்பதால், பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் அவசரமில்லாமல் நடுவில் முடித்துவிடாமல் இருப்பது நல்லது.

முதிர்ந்த பணத்துக்கு அஞ்சலகத்திலேயே சில வழிகள் உண்டு. மாத வருமானத் திட்டத்தில் 7.4 விழுக்காடு வட்டிக்கு 2 லட்சம் ரூபாய் போட்டால் மாதம் 1,233 ரூபாய் கைக்கு வரும். எரிவாயு உருளைக்கும் மின்கட்டணத்துக்கும் அது ஈடுகொடுக்கும். அறுபது வயது கடந்தவருக்கு 8.2 விழுக்காடு தரும் மூத்த குடிமக்கள் திட்டமும், வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் அதே வட்டி தரும் செல்வமகள் திட்டமும் பொருத்தமானவை. ஆனால் செல்வமகளில் போட்ட பணத்தை நெடுங்காலம் தொட முடியாது. சித்தி தம் பணத்தை மாத வருமானத் திட்டத்தில் போட்டுவிட்டு, அதில் வரும் வட்டியை அப்படியே தொடர்வைப்புக்குத் திருப்பிவிடச் சொல்லிப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்.