சுருட்டுக் கொட்டில் முதல் சீமெந்து ஆலை வரை: யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் வான் வண்டிச் சுற்றுலா

யாழ்ப்பாணத்தின் பழைய தொழில்களை ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லி நகரத்திலிருந்து புறப்படும் வான் வண்டிச் சுற்றுலா ஒன்றில் கடந்த மாதம் மாமாவையும் அழைத்துக்கொண்டு சென்று வந்தேன். மாமா காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில், அது 1990இல் போரினால் மூடப்படும் வரை வேலை செய்தவர். மதியச் சாப்பாட்டுடன் ஒருவருக்கு 7,500 ரூபாய் வாங்கினார்கள். வானும் சாப்பாடும் நன்றாக இருந்தன. எந்த இடங்களைக் காட்டவேண்டும் என்பதை ஏற்பாட்டாளர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதில்தான் தவறுகிறார்கள்.

காலையில் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். கந்தரோடையில் கிடைத்த பொருட்களைப் பார்க்க விரும்புபவர்களுக்கு அது அவசியமான இடமே. தொழில் வரலாற்றைத் தேடி வந்தவர்களுக்கு அரை மணி நேரம் போதும். அடுத்துக் கோட்டையில், 1680இல் ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டிய கதையை வழிகாட்டி விரிவாகச் சொன்னார். முருகைக்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு அந்த மதிலை எழுப்பிய உழைப்பைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். 1834இல் அமெரிக்க மிசன் அச்சகம் நிறுவிய மானிப்பாயை வானை விட்டு இறங்காமலே கடந்தோம்.

நாளின் சிறந்த பகுதி சுருட்டுக் கொட்டில். கிடுகு வேய்ந்த தாழ்வாரத்தில் முதியவர் ஒருவர் சம்மணமிட்டிருந்து, ஈரம் காயாத புகையிலையின் நடு நரம்பை ஒரே இழுப்பில் உரித்தெடுத்து, உள்ளிலையைத் திரட்டி வைத்து, மேலிலையைச் சாய்வாகச் சுற்றி, நுனியை விரலால் அழுத்தி ஒட்டினார். ஒரு சுருட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எங்களுடன் பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை. முன்பு பலர் வரிசையாக இருந்து சுருட்டிய காலத்தில், ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்களாம். சிங்கள ஊர்களில் எங்களவர்கள் நடத்திய சுருட்டுக் கடைகளுக்கு இப்படிப்பட்ட கொட்டில்களிலிருந்துதான் சரக்குப் போனது. ஒரு மணி நேரம் நின்றும் யாருக்கும் புறப்பட மனம் வரவில்லை.

சீமெந்து ஆலையை வீதியில் நின்றுதான் பார்த்தோம். உள்ளே போக அனுமதி இல்லை என்பதை முற்பணம் வாங்கும்போதே அவர்கள் சொல்லியிருக்கவேண்டும். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, நிலத்தடியில் நல்ல தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் அதே சுண்ணக்கல்லைத் தோண்டியே இயங்கியது. சீமெந்துக்கு வேண்டிய களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. வழிகாட்டி அதைச் சொல்லாதபோது மாமாதான் தண்டவாளப் பக்கம் கையைக் காட்டி, "முருங்கன் களிமண் ஏத்தின கோச்சி இதாலதான் வாறது, தம்பி" என்றார். வந்தவர்கள் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வழிகாட்டியும் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டார். அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது. ஆலையில் வேலை செய்த ஒருவரையேனும் ஒவ்வொரு பயணத்திலும் இவர்கள் அழைத்து வரவேண்டும். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

வல்வெட்டித்துறையை அடையும்போது மாலையாகிவிட்டது. இருபது நிமிடமே கிடைத்தது. இந்தக் கரையில் மேத்திரிமார் எனப்படும் கப்பல் தச்சர்கள் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பலான அன்னபூரணியை ஓர் அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் சூயஸ் கால்வாய் வழியாகச் செலுத்தி, அத்திலாந்திக் கடலைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தக் கப்பல் எந்தப் பக்கம் கட்டப்பட்டது என்று கேட்டு, கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுடன் பேச்சுக் கொடுக்கத் தொடங்கியபோதே சாரதி ஹோர்ன் அடித்தார். வழியில் பனம் பொருள் கடையொன்றில் முக்கால் மணி நேரம் நிறுத்தியதை நினைக்க எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

முற்பதிவு செய்பவர்கள் வல்வெட்டித்துறையைக் காலையிலேயே வைக்கும்படி கேளுங்கள். நாங்கள் சொன்னபோது அடுத்த முறை மாற்றலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், அன்று சுருட்டுக் கொட்டிலில் வேலை இல்லை.